நிற்கப் போதாத தூரம்

அண்ணன் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த அடுத்த திங்கட்கிழமை நான் மறுபடி பள்ளிக்கூடம் போனேன். அப்போது பத்தாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். காலைப் பாடம் விஞ்ஞானம். சேர் கரும்பலகையின் உச்சியில் 'நேர்கோட்டு இயக்கம்' என்று எழுதிக் கீழே கோடு இழுத்துவிட்டு, உதாரணக் கணக்கொன்றை எழுதத் தொடங்கினார். 'ஓய்விலிருந்து புறப்படும் மோட்டார் சைக்கிள் ஒன்று' என்பது வரைக்கும் எழுதிவிட்டார். அங்கே வெண்கட்டி நின்றது.

பக்கத்திலிருந்த சிநேகிதி மேசைக்குக் கீழே என் சீருடையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். சேர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. உள்ளங்கையால் அந்தச் சொல்லை அழித்துவிட்டு அதே இடத்தில் 'புகையிரதம்' என்று எழுதினார். சரியாக அழிபடவில்லை. புகையிரதத்துக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது. பாடம் முடியும்வரை நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேர் இளம் ஆள். நெல்லியடிப் பக்கமிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வருவார். அண்ணன் வேலை செய்த போன் திருத்தும் கடையும் நெல்லியடிச் சந்தைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒருமுறை தன்னுடைய போனை அண்ணன்தான் திருத்தித் தந்தார் என்று பின்னொரு நாளில் சேர் சொன்னார். கண்ணாடி மாற்றிய காசு வாங்கினாராம், உள்ளே தூசி தட்டியதற்கு ஒன்றும் வாங்கவில்லையாம்.

எங்கள் வீடு புத்தூரில். அப்பாவுக்குத் தோட்டம், வெங்காயமும் மரவள்ளியும், சில போகத்தில் புகையிலையும். அண்ணனுக்குத் தோட்டம் பிடிக்காது. உயர்தரம் எழுதி, பல்கலைக்கழகம் கிடைக்காமல் போனதும், எவரிடமும் ஒன்றும் சொல்லாமல் போன் திருத்தப் பழகிவிட்டு வந்தார். வீட்டில் அதிகம் கதைக்க மாட்டார். நின்றபடியே சாப்பிடுவார். அவருடைய சேட்டுப் பைக்குள் எப்போதும் கடுகளவு திருகாணிகள் கிடக்கும். அம்மா உடுப்புத் தோய்க்கும்போது அவை வாளியின் அடியில் விழுந்து கிலுங்கும். "உன்ரை இரும்புக் கடையை எடுத்துப்போட்டுச் சேட்டைத் தா" என்று அம்மா ஒவ்வொரு முறையும் சத்தம் போடுவார். செத்தவீட்டுக்குப் பிறகு ஒருநாள் அவருடைய கடைசிச் சேட்டுகளைத் தோய்த்தபோது, வாளிக்கு அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டு அம்மா வெகுநேரம் குந்தியிருந்தார்.

அது நடந்த நாள் வெங்காயம் கிண்டிய நாள். கிண்டிய வெங்காயம் முழுவதும் தோட்டத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு வடக்கே வானம் கறுத்தது. எல்லாத் தோட்டத்திலும் சனம் ஓடித் திரிந்தது. அப்பாவும் நானும் வெங்காயத்தை அள்ளிக் குவித்துப் படங்கால் மூடிக்கொண்டிருந்தோம். பிரதான வீதிப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. பலகை அடுக்கு சரிந்ததுபோல. அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார். கொஞ்ச நேரத்தில் ஒழுங்கையால் ஒருவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

பக்கத்துத் தோட்டத்து மாமா தன்னுடைய லான்ட்மாஸ்ரரின், அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின், பெட்டியில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்கு ஏறியிருக்கிறார். நெல்லியடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த அண்ணன் அந்தப் பெட்டியில் மோதியிருக்கிறார். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கு மழை பெய்யவில்லை. கறுத்த வானம் அப்படியே கடலுக்குப் போய்விட்டது.

மாமா எங்களுக்கு இரத்த உறவு இல்லை. ஆனால் எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரே கிணறு. முறை வைத்துத் தண்ணீர் இறைப்பது இரண்டு குடும்பத்துக்கும் அப்பப்பா காலத்திலிருந்தே வழக்கம். சின்ன வயதில் அந்த லான்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏறித்தான் நானும் அண்ணனும் கோயில் திருவிழாவுக்குப் போவோம். பொலிஸ் அவரைப் பிடித்துப் பிறகு பிணையில் விட்டது. வழக்குப் பதிவானது. அவர் திரும்பி வந்த நாளிலிருந்து, அப்பா தோட்டத்தில் நிற்கும்போது கிணற்றடிக்கு வருவதை விட்டுவிட்டார். நாங்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் அவருடைய மோட்டர் ஓடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டவுடன் அம்மா அடுப்படிக் கதவைச் சாத்துவார்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அம்மா ஒரே கதையைத்தான் சொன்னார். "என்ரை பிள்ளை மெதுவாத்தான் வாறவன். ஒருநாளும் வேகமா ஓடமாட்டான். அந்த மனிசன் பாக்காமல் ஏத்தினது." வந்தவர்கள் தலையாட்டுவார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பாடம் போய்க்கொண்டிருந்தது. தூரம் வேறு, இடப்பெயர்ச்சி வேறு. கதி வேறு, வேகம் வேறு. வேகம் கூடுவதற்கு ஆர்முடுகல், குறைவதற்கு அமர்முடுகல் என்ற சொற்களைக் கேட்டு வகுப்பு முணுமுணுத்தது. சேர் சிரிப்பூட்டித்தான் அவற்றைப் பழக்கினார்.

"உங்கடை அம்மாமார் ஒரு நாளைக்கு எத்தினை தரம் 'கெதியா வா, கெதியா வா' எண்டு கத்துவினம்? அந்தக் கெதிதான் பிள்ளையள் இந்தக் கதி. புதுச் சொல் இல்லை. நீங்கள் பிறந்த நாள் தொடக்கம் கேட்டுக்கொண்டிருக்கிற சொல்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செத்தவீட்டுக்குப் பிறகு நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்த பிறகு நெஞ்சுக்குள் ஏதோ பிழை செய்ததுபோல இருந்தது.

உராய்வுப் பாடம் வந்த கிழமை சேர் ஒரு கேள்வி கேட்டார். ஓடுகிற வாகனத்தை நிறுத்துவது எது? எல்லோரும் "பிறேக்" என்றோம்.

"இல்லை. பிறேக் சில்லைத்தான் நிப்பாட்டும். வாகனத்தை நிப்பாட்டிறது றோட்டு. றோட்டுக்கும் ரயருக்கும் இடையில இருக்கிற உராய்வு. அந்த உராய்வுக்கு ஒரு எல்லை இருக்கு. நீங்கள் எவ்வளவு பலமா மிதிச்சாலும் றோட்டுத் தன்ரை எல்லையைத் தாண்டி உதவி செய்யாது."

பிறகு வேக-நேர வரைபு கீறினார். ஒரு வாகனம் சீராக வேகம் குறைந்து நின்றால் கோடு சரிந்து அடியைத் தொடும். கீழே ஒரு முக்கோணம் விழும். அந்த முக்கோணத்தின் பரப்புத்தான் அது நிற்பதற்குப் போன தூரம். வேகத்தை இரண்டு மடங்காக்கி, சரிவை மாற்றாமல் இன்னொரு முக்கோணம் கீறச் சொன்னார். கீறினேன். உயரமும் இரண்டு மடங்கு, அடியும் இரண்டு மடங்கு. சின்ன முக்கோணம் பெரியதற்குள் நான்கு முறை அடங்கியது.

"இரண்டு மடங்கு வேகத்தில வந்தா நிக்கிறதுக்கு நாலு மடங்கு தூரம் வேணும்" என்றார் சேர். "மூண்டு மடங்கெண்டால் ஒன்பது. ஆக்கள் இரண்டு மடங்கு காணும் எண்டு நினைக்கினம். மனிசற்றை மனம் அப்பிடித்தான் கணக்குப் போடும். றோட்டு அப்பிடிப் போடாது."

அவர் சொன்னது எதுவும் என்னைக் குறித்து அல்ல. ஆனால் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, நான் தினமும் கடந்துபோகும் ஒரு கறுத்தக் கோடு. எங்கள் ஒழுங்கை முகப்பில், பிரதான வீதியில், அண்ணனின் ரயர் தேய்ந்து விழுந்த தடம். பொலிஸ் அதன் இரு பக்கமும் வெள்ளை பூசியிருந்தது. வெள்ளை போய்விட்டது. கறுப்பு மட்டும் இருந்தது. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அந்தப் பக்கம் வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டுதான் போவேன். அதை மிதித்துவிடக் கூடாது என்ற எண்ணம். அன்று பின்னேரம் அந்தக் கோட்டைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நடந்தேன். அது முடிய நெடுநேரம் எடுத்தது. இவ்வளவு நீளமா என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

பாடத்துக்குப் பிறகு சேரிடம் போய்க் கேட்டேன். "பாரம் கூடின வாகனத்துக்கும் பாரம் குறைஞ்ச வாகனத்துக்கும் அமர்முடுகல் வேறவேற தானே சேர்? மோட்டச்சைக்கிள் பாரம். என்ரை சைக்கிள் பாரமில்லை."

"பாரம் கூடேக்கை நிப்பாட்டிறது கஷ்டம். ஆனா அதே பாரம் றோட்டையும் கூட அமத்துது. அமத்த அமத்த உராய்வும் கூடும். ரண்டும் ஒண்டை ஒண்டு வெட்டிப்போடும். சில்லு இறுகி இழுபட்டால் சரிவு கிட்டத்தட்ட ஒண்டுதான்." சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏன் பிள்ளை கேக்கிறாய்?"

"சும்மா சேர்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கை முகப்புக்குப் போனேன். எதற்கு என்று அவளுக்குச் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. வீதியில் ஆள் நடமாட்டம் இல்லை. தடத்தின் தொடக்கத்தில் என் சைக்கிளின் வால்வுக் கட்டையைக் கீழ்ப்பக்கம் வைத்து, அது திரும்பத் திரும்பக் கீழே வருவதை எண்ணிக்கொண்டு, தடத்தின் முடிவு வரை உருட்டினேன். சில்லின் சுற்றளவு எனக்குத் தெரியும். பிறகு இரண்டு மின்கம்பங்களுக்கு இடையில் என்னால் ஏலுமான வேகத்தில் மிதித்தேன். சிநேகிதி போனில் நேரம் பார்த்தாள். இரண்டாவது கம்பம் வந்ததும் பின் பிறேக்கை இறுக்கினேன். சில்லு கிறீச்சிட்டு இழுபட்டது. ஒரு தடவை விழுந்து முழங்கால் உரஞ்சியது. "போதும், வீட்டை போவம்" என்று அவள் அழுவாரைப்போலச் சொன்னாள். இன்னும் சில தரம் ஓடினேன். தாரில் என் சைக்கிள் விட்ட அடையாளம் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். குனிந்து குனிந்து பார்த்துத்தான் அளந்தோம்.

அண்ணனின் தடம் என்னுடையதைப் போலப் பத்து மடங்கைத் தாண்டியது.

வீட்டுக்கு வந்து வரைபுத்தாளில் கீறினேன். என் வேகத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் வரும் என்று எனக்கு வீதியிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கீறினேன். அம்மா பக்கத்திலிருந்து மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தார். படிப்பில் மனம் வைத்திருக்கிறேன் என்று நினைத்து ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

அந்தத் தாளைச் சேரிடம் காட்டினேன். ஆசிரியர் அறைக்கு வெளியே, தண்ணீர்க் குழாயடியில். அவர் முதலில் அதை வாங்கவே மறுத்தார்.

"உதை விடு பிள்ளை. இது பரீட்சைக்குப் படிக்கிற பாடம். உதுக்கில்லை."

"பிழை இருக்கோ எண்டு மட்டும் பாருங்கோ சேர். பிழை எண்டால் கிழிச்சுப்போடுறன்."

அவர் வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிழை கண்டுபிடிக்க அவர் உண்மையாகவே முயன்றார் என்று எனக்குத் தெரிந்தது. தொடக்கத்திலிருந்து இரண்டாம் தரமும் போய்ப் பார்த்தார். கடைசியில் விரலால் ஓர் இடத்தைத் தொட்டார்.

"இதிலை ஒரு விசயம். உன்ரை கோடு சுழியத்துக்கு வந்து நிக்குது. உன்ரை சைக்கிள் நிண்டது. ஆனா..."

"அண்ணை நிக்கேல்லை" என்றேன் நான்.

"ஓம். அதாலை இது குறைஞ்ச பெறுமானம். உண்மையான வேகம் இதிலும் கூட."

எனக்கு இன்னுமொரு கணக்கு இருந்தது. அதை அவருக்குக் காட்டவில்லை, வாயால் சொன்னேன். அந்த இடத்தில் வளைவு தாண்டியதும் ஒழுங்கை முகப்புத் தெரியும். சாதாரணமாக ஆட்கள் வாகனம் ஓடும் வேகத்தில் வந்திருந்தால், திடுக்கிடும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தாலும், பெட்டிக்கு எவ்வளவோ தூரம் முன்னால் மோட்டார் சைக்கிள் நின்றிருக்கும்.

சேர் தாளை மடித்து என் கையில் வைத்தார். "நானும் ஒவ்வொரு நாளும் வல்லை வெளியாலை வாறனான். அந்த வெளியிலை காத்தும் வெளிச்சமுமா இருக்கும். அங்கை பஸ்ஸே பறக்கும். வெளி முடிஞ்சு ஊர் தொடங்கினது ஆக்களுக்குத் தெரியிறேல்லை. உன்ரை அண்ணாவுக்கும் அப்பிடித்தான் நடந்திருக்கும். அதுக்கு மேலை ஒண்டும் யோசிக்காதை."

யோசிக்காமல் இருக்கத்தான் பார்த்தேன். கொஞ்ச நாட்கள் முடிந்தது. வழக்குத் தவணை கிட்ட வந்தபோது வீடு மாறிவிட்டது. அப்பா சட்டத்தரணி ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தார். மாமாவுக்குச் சிறை கிடைக்க வேண்டும் என்று அம்மா பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். ஒருநாள் பின்னேரம், அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்; அம்மா சோறு போட்டுக்கொண்டே, மாமாவின் மனைவியைச் சந்தையில் கண்டதாகவும் அந்த மனிசி தலையைக் குனிந்துகொண்டு போனதாகவும் சொன்னார்.

"குனியத்தான் வேணும். அவையின்ரை குடும்பம் எழும்பாது. என்ரை பிள்ளை மெதுவா வந்தவன்."

"அண்ணை மெதுவா வரேல்லை அம்மா" என்றேன்.

நான் உரத்துச் சொல்லவில்லை. ஆனாலும் அப்பாவின் கை சோற்றுக் கோப்பையில் நின்றது.

"ஆர் சொன்னது உனக்கு?"

"றோட்டிலை தடம் கிடக்குது. அளந்து பாத்தனான். கணக்குப் போட்டும் பாத்தனான். சேரும் பாத்தவர். அவர் நல்ல வேகமா வந்திருக்கிறார். மெதுவா வந்திருந்தால் நிண்டிருப்பார்."

அம்மா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தார். அகப்பையை அதற்குள் வைத்தார். பிறகு அதை எடுத்து வெளியே வைத்தார்.

"நான்தான் போன் எடுத்தனான்" என்றார்.

அப்பா திரும்பினார். "என்ன?"

"மழை இருட்டிக்கொண்டு வந்தது. நீங்கள் ரண்டுபேரும் தனிய அள்ளிக்கொண்டு நிண்டியள். கடையிலை நிண்டவனுக்குப் போன் எடுத்து, வெங்காயம் எல்லாம் நனையப்போகுது, கெதியா வா எண்டு சொன்னனான். ஓம் அம்மா, வாறன் எண்டவன். திருப்பியும் எடுத்துச் சொன்னனான். கெதியா வாடா எண்டு."

அண்ணன் சாப்பிட வந்தார் என்றுதான் அப்பா அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான். செத்தவீடு, எட்டாம் நாள் சடங்கு, அந்தியேட்டி, பொலிசார் வந்து கேட்டது, இவ்வளவுக்குள்ளும் அம்மா அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. மெதுவாக வந்தவன், மெதுவாக வந்தவன் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னது வந்தவர்களுக்காக இல்லை. அவர் நிற்பதற்கு வேறு நிலம் இருக்கவில்லை.

அப்பா கைகழுவிவிட்டு வெளியே போனார். அம்மா அதே இடத்தில் இருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். என்னைத் தள்ளவுமில்லை, தொடவுமில்லை. "அம்மா, எல்லா வீட்டிலையும் அப்பிடித்தான் சொல்லுறவை" என்றேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியாது. அடுத்த நாள் அவர் எழும்பிச் சமைத்தார், முற்றம் கூட்டினார், எல்லாம் செய்தார். என்னோடு மட்டும் அந்த மாரிகாலம் முழுவதும் தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்கவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. என்னைப் பார்த்தால் அவருக்கு அது நினைவு வந்தது, அவ்வளவுதான்.

அப்பா இரண்டு நாள் யோசித்திருப்பார். மூன்றாம் நாள் பின்னேரம், "நீயும் வா பிள்ளை, எனக்கு உன்ரை கணக்கைச் சொல்லத் தெரியாது" என்று என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். வழக்கமாக வீட்டுக்குத் திரும்பும் நேரம் வந்தும் நாங்கள் திரும்பவில்லை. மாமா கிணற்றடிக்கு வந்தார். எங்களைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தார்.

"நில்லும்" என்றார் அப்பா. "கதைக்க வேணும்."

மாமா கிணற்றுக் கட்டுக்கு அந்தப் பக்கமே நின்றார். மெலிந்துபோயிருந்தார். நான் தாளைக் காட்டாமல் வாயால் சொன்னேன்; தடம், சைக்கிள், வேகம் எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கே அது ஆரோ ஒருவரைப் பற்றிய கணக்குப்போலப் பட்டது. அப்பா சொன்னார்: "உம்மிலை பிழை எண்டு இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனாங்கள். கோட்டிலை வழக்கு வரேக்கை நான் ஒண்டும் கதைக்கமாட்டன். உமக்கு உதவுமெண்டால் பிள்ளையின்ரை கணக்கை உம்மடை சட்டத்தரணிக்குக் குடும்."

மாமா வாய்க்காலில் கிடந்த ஒரு செத்தையைக் காலால் தள்ளினார்.

"எனக்கும் மழை துரத்தினது" என்றார். "பெட்டியை மூடின படங்கு காத்துக்குக் கிளம்பினது. வெங்காயம் கொட்டுண்ணப்போகுது எண்டு அதைத் திரும்பிப் பாத்தன். அந்த நேரம்தான் றோட்டிலை ஏறினது. ஏறமுந்தி நான் வலப்பக்கம் பாத்தனோ இல்லையோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. எத்தினை தரம் யோசிச்சுப் பாத்திட்டன். பாத்த மாதிரியும் இருக்கு, பாக்காத மாதிரியும் இருக்கு."

"அவன் மெதுவா வந்திருந்தால் நிண்டிருப்பானாம்" என்றார் அப்பா.

"நான் பாத்து நிண்டிருந்தால் அவன் எந்த வேகத்திலும் போயிருப்பான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ அவன்ரை பக்கத்தை அளந்திட்டாய். அது றோட்டிலை கிடந்தது. என்ரை பக்கம் றோட்டிலை இல்லை. அதை அளக்கேலாது."

அன்று அவர் எங்களுக்கு முன்னாலேயே மோட்டரைப் போட்டார். தண்ணீர் வாய்க்காலில் ஓடி அவருடைய பாத்திக்குள் இறங்கியது. அப்பாவும் அவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் முன்னால் நடந்து வந்துவிட்டேன்.

நீதிமன்றத்தில் மாமா குற்றத்தை ஒப்புக்கொண்டார். என் கணக்கை அவர் எவருக்கும் கொடுக்கவில்லை. தண்டப்பணம் கட்டச் சொன்னார்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தையும் கொஞ்சக் காலம் நிறுத்திவைத்தார்கள். அவருக்கு அது தேவைப்படவில்லை. லான்ட்மாஸ்ரரை அதற்கு முன்பே விற்றுவிட்டார். அடுத்த போகத்தில் தோட்டத்தையும் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு மனைவியோடு வவுனியாவில் மகள் வீட்டுக்குப் போனார். குத்தகைக்கு எடுத்தவர்கள் தனியாகக் குழாய்க்கிணறு அடித்துக்கொண்டார்கள். அவர்கள் நல்ல ஆட்கள். எங்களைத் தெரியாது.

அந்த மாரியோடு வீதித் தடமும் மங்கிப்போனது. ஒரு நாளில் அழியவில்லை. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. எந்த நாளில் இல்லாமல் போனது என்று எனக்குத் தெரியவில்லை.

சேர் மறு வருடம் மாற்றலாகிப் போனார். விஞ்ஞானத்தில் எனக்கு நல்ல பெறுபேறு வந்தது. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தேன். வகுப்பில் இயக்கச் சமன்பாடுகள் வந்தபோது மற்றவர்கள் பாடமாக்கினார்கள்; நான் பாடமாக்கவில்லை, அவை எனக்கு ஏற்கனவே தெரிந்திருந்தன. இப்போது திருநெல்வேலியில் அறையெடுத்துத் தங்கிப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன். பலாலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பையன்கள் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து சாய்ந்து போவதைக் காண்பேன். என் தலை தானாகவே வேகத்தை மதிப்பிடும். நிற்கத் தேவையான தூரத்தையும் சொல்லும். அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை. கூட நிற்கும் பிள்ளைகள் கதைத்துக்கொண்டிருப்பார்கள், நான் "ஓம், ஓம்" என்பேன்.

கிழமை முடிவில் வீட்டுக்குப் போவேன். அப்பா வெங்காயம் செய்வதை விட்டுவிட்டார்; மரவள்ளி மட்டும் நட்டிருக்கிறார். அம்மா என்னோடு பழையபடி கதைக்கிறார். முழுவதும் பழையபடி இல்லை. பஸ் தாமதமானால் போன் எடுக்கிறார். நான் எடுத்ததும், "அவசரமில்லை, ஆறுதலா வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தோம். அம்மா தலை நிமிராமல் கேட்டார்.

"உன்ரை அந்தக் கணக்கிலை, அவனுக்கு எவ்வளவு நேரம் இருந்தது எண்டும் தெரியுமோ?"

முக்கோணத்தின் அடிப்பக்கம், அதுதான் நேரம். அது எனக்குப் பத்தாம் ஆண்டிலேயே தெரியும். ஒருவரும் கேட்காததால் நான் சொல்லவில்லை.

"தெரியும் அம்மா. ஒரு மூச்சு இழுத்து விடுற நேரம்."

"கண்டிருப்பான், என்ன?"

"ஓம். கண்டுதான் பிறேக்கை மிதிச்சவர்."

அம்மா ஒரு கொப்பை எடுத்து இலையை உருவினார். சுளகில் காம்புகள் விழுந்தன. "அந்த நேரத்திலை என்னை ஏசியிருப்பானோ?"

நான் யோசித்தேன். ஆறுதலுக்குச் சொல்வது அவருக்குத் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன்.

"அந்தத் தடம் தொடக்கத்திலை இருந்து முடிவு வரைக்கும் நேராத்தான் போனது அம்மா. ஒரு இடத்திலையும் வெட்டேல்லை, விடுபடேல்லை. அவர் கடைசிவரைக்கும் பிறேக்கை மிதிச்சு ஹாண்டிலை நேரா வைச்சிருந்தவர். அதுக்கே அந்த நேரம் முழுக்கத் தேவை. வேறை ஒண்டையும் நினைக்க நேரம் இருந்திராது."

அம்மா சுளகைத் தட்டிக் காம்புகளை ஒதுக்கினார். பிறகு, "அப்பிடியெண்டால் சரி" என்றார். குரலில் அந்தச் 'சரி' இல்லை. இலையை அள்ளிச் சட்டிக்குள் போட்டுக்கொண்டு எழும்பி அடுப்படிக்குப் போனார்.